வீட்டுத் தொட்டியில் சாதுவான சிறுமீன்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் கலர் மீன் கடைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, சண்டை போடாத மீன் எது என்பதைத்தான். கடைக்காரர் கப்பியையும் பிளாட்டியையும் நியான் டெட்ராவையும் ஜீப்ராவையும் காட்டுவார். அவர் காட்டுவதில் பிழையில்லை. ஆயினும், சாது என்று நம்பி வாங்கிய மீன் சில நாள்களிலேயே அடுத்த மீனை விரட்டி வாலைக் கடிப்பதையோ, மூலையில் ஒடுங்கி இரை எடுக்காமல் கிடப்பதையோ கண்டு வருந்துபவர்கள் பலர். சிறுமீன் சாதுவாக இருப்பதற்கு அதன் பிறவிக் குணம் பாதிக் காரணம் என்றால், நாம் கொடுக்கும் துணையும் இடமும் தண்ணீரும் மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் துணை. டெட்ரா, ஜீப்ரா, சிறு கெண்டை வகைகள் எல்லாம் கூட்டமாக வாழ்பவை. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று துரத்துவதும் துடுப்பை விரித்துக் காட்டுவதும் அவற்றின் அன்றாட வாழ்க்கை. பத்து மீன்கள் இருந்தால் அந்தத் துரத்தல் பத்துக்கும் பங்காகி, எதற்கும் காயமின்றி முடிந்துவிடும். இரண்டே மீன்கள் இருந்தால் வலியது மெலியதை ஓயாமல் துரத்தும். ஆகவே ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டாக வாங்கும் பழக்கத்தை விட்டு, ஒரே வகையில் ஆறுக்குக் குறையாமல் வாங்குவதே நல்லது. கப்பியின் கணக்கு வேறு. ஆண் கப்பி பெண் மீனை விடாமல் பின்தொடரும் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் வேண்டும். பெண் கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குட்டி போடும். குட்டிகள் பெருகுவதை விரும்பாதவர்கள் ஆண் மீன்களை மட்டும் வளர்க்கலாம்.

மேசையில் வைக்கும் கண்ணாடிக் கிண்ணம் எந்த மீனுக்கும் வீடாகாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொடங்குபவர்களுக்கு அதுவே ஏற்ற அளவு. தண்ணீரின் எடை மட்டுமே 55 கிலோ என்பதால், ஆடாத உறுதியான மேடையும், நேரடி வெயில் படாத இடமும் வேண்டும்.

இனி, பெரும்பாலான மீன்கள் எதனால் இறக்கின்றனவோ அந்தச் செய்திக்கு வருகிறேன். மீனின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது நச்சு. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சிலும் அடியில் பரப்பிய கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். ஆனால் அந்தத் தெளிவை நம்பி மறுநாளே இருபது மீன்களை விட்டால், அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதையும், செவுள்கள் வேகமாக அடித்துக்கொள்வதையும் சில நாள்களில் காண நேரும். மீன் விடும் முன்பே ஃபில்டரை ஓடவிட்டு, அந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டிய அம்மோனியா உண்டாக, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டுப் பொறுத்திருங்கள். நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் கேட்டு வாங்கி வைத்தால் காத்திருக்கும் காலம் நன்கு குறையும். தண்ணீரைச் சோதிக்கும் குச்சியோ சொட்டு மருந்தோ அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டிய பிறகே முதல் மீன்கள் வரட்டும். அவற்றையும் சில சிலவாகவே விட வேண்டும்.

பின்னாளில் பஞ்சு அடைத்துக்கொண்டால் அதைக் குழாயடியில் காட்டிக் கழுவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்து அதில் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுவது நல்லது. குழாய்த் தண்ணீரில், குளோரினை நீக்கும் ஆன்டி-குளோரின் மருந்தை விட வேண்டும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் சில நாள்கள் அந்தத் தண்ணீரைத் தொடாமல் இருப்பதே நலம்.

எந்த மீனை வளர்ப்பது என்பதை நம் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பேன். குமரி மாவட்டம் சிறியதாயினும் இங்குள்ள தண்ணீர் ஒரே மாதிரியானதன்று. கடலோர ஊர்களில் பல கிணறுகளின் நீரில் உப்பும் கடினத்தன்மையும் கூடுதல். அத்தகைய நீரில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை நன்றாக வாழும். அமேசான் காட்டின் மென்னீருக்குப் பழகிய நியான் டெட்ரா அங்கே தளர்ந்துபோகும். திற்பரப்பு, குலசேகரம் பக்கத்துச் செம்மண் பூமியில் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையாகவும் சற்றே அமிலத்தன்மையுடனும் இருக்கும். டெட்ராவுக்கும் சிறு கெண்டைகளுக்கும் அது உகந்தது. தண்ணீரை மருந்து போட்டு மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அதற்கு ஏற்ற மீனைத் தேர்ந்துகொள்வது மீனுக்கும் நமக்கும் எளிது.

நம் வயல்களிலும் பாசனச் சானல்களிலும் உள்ள சிறுமீன்களின் அழகை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. தேங்கிய நீரின் மேல்மட்டத்தில், தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன அசையாமல் நின்று கொசுப்புழுவைக் கவ்வும் அப்லோகைலஸ் அவற்றில் ஒன்று. அது துள்ளி வெளியே விழும் என்பதால் தொட்டிக்கு மூடி வேண்டும். இன்னொன்று, 1831-இல் புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் பெயரால் அறிவியலுக்கு அறிமுகமான சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ். ஒரு விரல் நீளம்கூட வளராத இந்த மீன், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். ஆண் மீன் மிதக்கும் இலையின் அடியில் எச்சில் குமிழிகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கூடு கட்டுகிறது. கீழே நழுவும் முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டுபோய் மறுபடியும் கூட்டில் வைக்கிறது. அந்தக் காவலை அருகிலிருந்து பார்க்கும் குழந்தை, மீனைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதைவிட அதிகம் கற்றுக்கொள்ளும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போதும். வாரத்தில் ஒருநாள் போடாமல் விட்டாலும் கெடுதல் இல்லை.

மின்சாரம் நின்றுபோகும் நாள்களுக்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது நம் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வேளையில் தீனியை அடியோடு நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீன் சில நாள்கள் பட்டினியைத் தாங்கும். அழுகும் தீனியைத்தான் தாங்காது. ஒரு கோப்பையால் தொட்டி நீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருப்பது இன்னும் நல்லது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். வளர்க்க முடியாமல் போகும் மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் தென்னமெரிக்க சக்கர் மீன், இப்படி விடப்பட்டே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாக நிற்கிறது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அங்கு வரும் பறவைகளுக்கு இரையாவது அந்தக் குளங்களின் சொந்த மீன்களே. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், வளர்க்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். மிஞ்சிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே எறியுங்கள். மாற்றி எடுக்கும் தண்ணீரைச் சானலில் கொட்டாமல் தென்னை மூட்டிலோ வாழை மூட்டிலோ ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் அவற்றுக்கு உரமாகும்.

வணக்கம்.