மகன் ஆணழகன் மேடை ஏறப்போறான்: பெருமைப்படவா, பயப்படவா?

வணக்கம். கேள்விகள் நிறைய சேர்ந்துபோச்சு, வரிசையா எடுக்கலாம்னு போன தடவை சொல்லியிருந்தேன். ஆனா ஒரு கேள்வி வரிசையில நிக்காம முன்னாடி வந்துடுச்சு. ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்.

"என் மகனுக்கு 24 வயசு, 70 கிலோ. மூணு வருஷமா ஜிம்முக்குப் போறான். இப்ப மாவட்ட ஆணழகன் போட்டிக்குத் தயாராகுறான். தினம் 12 முட்டை வெள்ளைக்கரு, ரெண்டு வேளை பவுடர், 200 கிராம் கோழி. நான் வைக்கிற குழம்பைத் தொடுறதில்ல. அவன் உடம்பைப் பார்த்தா பெருமையா இருக்கு. அந்தக் குட்டி டிராயரோட மேடையில நிப்பான்னு நினைச்சா கூச்சமா இருக்கு. கிட்னி போயிடும்னு என் அண்ணன் சொல்றார். நிறுத்தச் சொல்லவா?"

கூச்சத்தை முதல்ல முடிச்சிடுவோம். தொடையோட முன்பக்கம், பின்பக்கம், இடுப்புக்கட்டு எல்லாத்தையும் பார்த்துத்தான் நடுவர்கள் மார்க் போடுறாங்க. வேட்டி கட்டிக்கிட்டு நின்னா கால் பயிற்சி செஞ்சவன் யாரு, டபாய்ச்சவன் யாருன்னு தெரியாது. உடம்புல கருப்பா ஒரு சாயம் பூசுவாங்க, அதையும் பார்த்துப் பதறாதீங்க. மேடை விளக்குல தசையோட கோடு தெரியணும்னு பூசுறது. படுக்கை விரிப்புல ஒட்டும், பழைய விரிப்பா போட்டுக் குடுங்க.

இப்ப கிட்னி. கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வெள்ளைக்கருவுல 3.6 கிராம் புரதம், 12க்கு 43. புரதப் பவுடர் ஒரு கரண்டிக்கு 24னு வெச்சா ரெண்டுக்கு 48. பச்சைக் கோழி, எலும்பு இல்லாம, 200 கிராம்னா சுமார் 45. மொத்தம் 136. 70 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் கீழ. எடை தூக்கிப் பயிற்சி செய்யறவங்களுக்கு 1.6லேர்ந்து 2.2 வரைக்கும் சரியான அளவு. கொழுப்பைக் குறைக்கிற கட்டத்துல, அவங்க கட்டிங்னு சொல்வாங்க, மேல் அளவுக்குப் போறதுதான் நல்லது. இல்லன்னா சாப்பாடு குறையும்போது கொழுப்போட சேர்ந்து தசையும் கரையும். ஆரோக்கியமான கிட்னியை இந்த அளவு கெடுக்காது. ஏற்கெனவே கிட்னி நோய் இருந்தா கதை வேற. அதனால ஒரு தடவை ரத்தத்துல கிரியாட்டினினும் (தசையிலேர்ந்து வர்ற கழிவு, கிட்னிதான் வடிகட்டும்), சிறுநீர்ல ஆல்புமின்ங்கிற புரதமும் பார்த்துடுங்க.

அங்க ஒரு சிக்கல் வரும், கவனமா கேளுங்க. தசை பலத்துக்கு எடுக்கிற கிரியேட்டின்ங்கிற வேற பவுடர் தினம் 3லேர்ந்து 5 கிராம் எடுத்துக்கிறவனுக்கு, தசை நிறைய இருக்கறவனுக்கு, ரத்தத்துல கிரியாட்டினின் இயல்பாவே கொஞ்சம் தூக்கலா காட்டும். கிட்னி கெட்டதால இல்ல. சந்தேகம்னா சிஸ்டாட்டின் சின்னு கிட்னிக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனை கேளுங்க, அது தசையைப் பார்த்து ஏமாறாது. அதே மாதிரி முந்தின நாள் கால் பயிற்சியை முடிச்சுட்டு ரத்தம் குடுத்தா கல்லீரல் எண்களும் ஏறியிருக்கும். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ரெண்டும் தசையிலேர்ந்தும் வரும். கனமான பயிற்சி இல்லாம ஒரு வாரம் விட்டுட்டு எடுங்க. மாமா அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டையே ரெண்டாக்குறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடுங்க.

முட்டைக்கு வருவோம். முட்டைக் காணொளியில சொன்னதுதான். பச்சையா உடைச்சுக் குடிச்சா அதுல இருக்கிற புரதத்துல பாதிதான் உடம்புல சேரும். வேக வெச்சா பத்துல ஒன்பது பங்கு சேரும். ரெண்டு முழு முட்டை, மீதி வெள்ளைனு வெச்சுக்கச் சொல்லுங்க. மீந்த மஞ்சள் கரு பத்தும் வழக்கமா அப்பா தட்டுக்குப் போகும். அவர் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடறவரா இருந்தா, இந்த வீட்டுல யாரைப் பத்திக் கவலைப்படணும்னு கொஞ்சம் யோசிங்க.

நான் திரும்பத் திரும்ப சொல்ற ஒண்ணு இருக்கு, பழைய நேயர்கள் இப்பவே முணுமுணுப்பீங்க: சமையல்கட்டுல கண்ணுக்குத் தெரியறதுல ஆபத்து ரொம்பக் குறைவு. முட்டை தெரியுது, பவுடர் டப்பா தெரியுது, அதனால அதோட சண்டை. டப்பாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட (FSSAI) 14 இலக்க உரிம எண் இருக்கா, மூடிக்குக் கீழ முத்திரை உடையாம இருக்கா, பில் இருக்கான்னு மட்டும் பாருங்க. மிச்சப் பயத்தை வேற இடத்துக்கு எடுத்து வையுங்க.

எந்த இடம்? ஊசி. ஜிம்மில "கோர்ஸ்"னு பேச்சு வரும். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால், இந்த மாதிரி தசையை வளர்க்கிற ஸ்டீராய்டு மருந்துகள். வெளியிலேர்ந்து ஹார்மோன் வந்தா உடம்பு தன்னோட உற்பத்தியை நிறுத்திடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைக்கும் இறங்கலாம். நல்ல கொழுப்பு விழும், ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் ஏறும், இதயச் சுவர் தடிக்கும். வெளியில எப்படித் தெரியும்? மூணு வருஷம் பயிற்சி செஞ்சவன் ஒரு வருஷத்துல ரெண்டு மூணு கிலோ தசை போட்டாலே பெரிசு. அவன் மூணே மாசத்துல எட்டு கிலோ ஏறி, வயிறும் போடலன்னா கேள்வி கேக்கலாம். முதுகுலயும் தோளிலயும் திடீர்னு பெரிய பெரிய பருக்கள், மார்க்காம்புக்குக் கீழ வலியோட ஒரு கட்டி, புதுசா குறட்டை, சின்ன விஷயத்துக்குக் கத்தறது. பரு மட்டும்னா பவுடராலயும் வரலாம், அதை வெச்சு முடிவு கட்டாதீங்க.

சந்தேகம் வந்தா அலமாரியைக் குடையாதீங்க. ஊசியைக் கண்டுபிடிச்சுக் குப்பையில போட்டுட்டா பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. வெளி ஹார்மோன் திடீர்னு நின்னு, சொந்த உற்பத்தி இன்னும் எழாத அந்த வாரங்கள்லதான் பையன் இருட்டு அறையில படுத்துக் கிடப்பான். சிலருக்கு அது மாசக்கணக்குல போகும். "திட்டமாட்டேன், டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் போகலாம்"னு சொல்லி நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவர் பார்க்க வேண்டியது: டெஸ்டோஸ்டிரோன், அதைச் சுரக்கச் சொல்ற எல்.எச்., விந்தணு உற்பத்தியைத் தூண்டற எப்.எஸ்.எச்., ரத்தம் எவ்வளவு கெட்டின்னு காட்டற ஹீமட்டோகிரிட், கொழுப்பு அளவுகள், இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன். ஊசியைப் பகிர்ந்திருந்தா மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனையும். இன்சுலின் போடறான்னு தெரிஞ்சா அன்னிக்கே. சர்க்கரை நோய் இல்லாத உடம்புல அது தூக்கத்துலயே ஆளை மயக்கத்துல தள்ளிடும்.

இன்னொரு இடம், போட்டிக்கு முந்தின வாரம். தோல் ஒட்டித் தெரியணும்னு தண்ணியையும் உப்பையும் நிறுத்துவாங்க. தசையே முக்கால்வாசி தண்ணி. தசைக்குள்ள சேர்ற ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கு. தண்ணியை வெட்டினா தோலுக்கடியில இருக்கிறது மட்டும் போகாது, தசையும் சேர்ந்து வத்தும். மேடையில தட்டையா நிப்பான், கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அதோட நீர் மாத்திரை சேர்ந்தா பொட்டாசியம் தாறுமாறாகி இதயத் துடிப்பே தடம் மாறும். வீட்டுல பாட்டிக்கு நீர் மாத்திரை இருந்தா, அந்த வாரம் அட்டையை உங்க கைவசம் வெச்சுக்குங்க.

உலக மேடையில நின்ன பெரிய ஆணழகர்களையே இது விடல. முகமது பெனாஸிஸா 1992ல நெதர்லாந்துல போட்டியை ஜெயிச்ச சில மணி நேரத்துல இறந்தார். ஆஸ்திரியாவோட ஆண்ட்ரியாஸ் மியுன்சர் 1996ல, 31 வயசுல, உள்ளுறுப்புகள் ஒவ்வொண்ணா செயலிழந்து போனார். இந்தப் பக்கம் வங்காளத்து மனோகர் ஆயிச்சைப் பாருங்க. 4 அடி 11 அங்குலம்தான் உயரம். 1952ல மிஸ்டர் யுனிவர்ஸ்ங்கிற உலக ஆணழகன் போட்டியில தன் பிரிவுல ஜெயிச்சார், பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த மனுஷன், 2016ல 104 வயசுல இறந்தார். உங்க மகன் தேர்ந்தெடுத்த விளையாட்டும் அதேதான். அதனால நிறுத்தச் சொல்லாதீங்க. கோச் தண்ணியை நிறுத்தச் சொல்றாரான்னு மட்டும் கேளுங்க.

குழம்பு விஷயம். அவனுக்கு உங்க கைமேல கோபம் இல்ல, எண்ணெய் மேலதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தினம் 300லேர்ந்து 500 கலோரி குறைச்சு சாப்பிடறவனுக்கு மூணு கரண்டி போனா அன்னிக்குப் பட்ட பாடு வீண். சாம்பாரைத் தாளிக்கிறதுக்கு முன்னாடி அவன் பங்கைத் தனியா எடுத்துடுங்க. கோழியை மிளகு, சீரகம், பூண்டு போட்டு வேக வெச்சு, அந்தத் தண்ணியை ரசமா குடுங்க. கீரை, பீன்ஸ், வெள்ளரி கட்டாயம், இல்லன்னா மலச்சிக்கல்ல கஷ்டப்படுவான். சமையல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. அரிசியை வேக வைக்கிறதுக்கு முன்னாடி நிறுக்கணும். வெந்ததை நிறுத்தா தண்ணிக்கு ஏத்த மாதிரி எடை மாறிக்கிட்டே இருக்கும்.

இந்தக் கேள்வியில வராத ஒண்ணைச் சொல்லணும், உண்மையில இதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்: போட்டி முடிஞ்ச மறுநாள் என்ன சமைக்கிறது? எல்லா வீட்டுலயும் பிரியாணி, குலாப் ஜாமுன், அத்தை வீட்டுல விருந்து. மூணு நாலு மாசம் பசியோட இருந்தவனுக்கு வயிறு நிறைஞ்சது தெரியாது. ரெண்டு வாரத்துல ஏழெட்டு கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, கண்ணாடியைப் பார்த்தா அழுகை வரும். மேடையில இருந்த உடம்பு ஒரு நாள் உடம்புன்னு அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

முதல் நாள் ஒரு வேளை பிரியாணி, தாராளமா. அடுத்த நாள்லேர்ந்து பழைய நேரத்துக்கே சாப்பாடு, ஆனா 300, 400 கலோரி கூட்டி: ரெண்டு இட்லி அதிகம், தாளிச்ச சாம்பார், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை. தண்ணியும் உப்பும் வழக்கம் போல. முதல் வாரம் மூணு கிலோ ஏறினா அது பெரும்பாலும் தண்ணியும் கிளைக்கோஜனும்தான்னு அவன்கிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க. ஒரு மாசம் கழிச்சும் அவன் கல்யாணம் காட்சிக்கு வராம, தொளதொள சட்டையில ஒளிஞ்சுக்கிட்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடை பார்த்தா, மனநல மருத்துவரைப் பார்க்கணும். மாமாவையும் அத்தையையும் அந்த ஒரு மாசம் "என்னடா, உடம்பு போயிடுச்சே"னு கேக்க விடாதீங்க.