பழைய காரின் ஸ்போர்ட்ஸ் சீட்டை ஆன்லைன் ஏலத்தில் விற்பது: உங்கள் விலையை முடிவு செய்யும் இரண்டாவது ஆள்

[திரையில்: கராஜ் தரையில் ஒரு ஜோடி சீட், பின்னால் கதவு திறந்த கார்]

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் போனால் ஏதாவது ஒரு கராஜில் பழைய சிட்டி கோல்ஃபோ, பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்ஸோ பாதி பிரித்த நிலையில் நிற்கும், கழற்றிய சீட்டுகள் ஒரு மூலையில் போர்வைக்கு அடியில் கிடக்கும். இடத்தை அடைக்கிறதே என்று ஒருநாள் ஸ்கிராப் யார்டுக்காரர் சொன்ன விலைக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது. சிட்டி கோல்ஃப் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டது, 325ஐஎஸ் தொண்ணூறுகளின் தொடக்கத்தோடு சரி. இனிமேல் நல்ல சீட் குறையுமே தவிரக் கூடாது, அதைத் தேடி அலைகிறவர்களும் நாடு முழுக்க இருக்கிறார்கள்.

சரி, ஏலத்தில் போடலாம். ஆனால் ஏலம் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் போட்டால் அங்கேயும் அடிமாட்டு விலைதான்.

பெரும்பாலான ஏலத் தளங்களில் வாங்குபவர் தான் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்ச விலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அவர் சார்பில் தளமே தேவையான அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். ஒரு ஜோடி சீட்டுக்கு ஒருவர் 7000 ரேண்ட் உச்சம் போட்டிருக்கிறார், இன்னொருவர் 4500 போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட் 7000க்கு விற்காது. 4500க்கு மேல் ஒரு படி, அவ்வளவுதான், 4600 மாதிரி ஒரு விலையில் முடியும். அந்த இரண்டாவது ஆள் வரவே இல்லையென்றால், 7000 வைத்திருந்தவர் நீங்கள் போட்ட ஆரம்ப விலைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதாவது உங்கள் சீட்டின் மேல் யாருக்கு ஆசை அதிகமோ அவர் உங்கள் விலையை முடிவு செய்வதில்லை, அவருக்கு அடுத்து நின்றவர் எந்த இடத்தில் கையை எடுத்தாரோ அதுதான் உங்கள் விலை. இந்த வீடியோவில் இனி நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டாவது ஆளை வர வைப்பதற்கும், வந்தவர் சீக்கிரம் விலகாமல் இருப்பதற்கும்தான்.

அவர் ஏன் விலகுகிறார்? சந்தேகத்தால். அவர் பிரிட்டோரியாவிலோ கேப் டவுனிலோ இருப்பார், சீட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது. தெரியாத ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டேதான் உச்ச விலையைப் போடுவார்.

[திரையில்: ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம், மிக அருகில்]

இங்கே பாருங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார், ஏறும்போதும் இறங்கும்போதும் இடுப்பு உரசுவது இந்த வலது ஓர மேட்டில்தான், போல்ஸ்டர் என்பார்களே, அது. துணி முதலில் நைவது இங்கே, தையல் விடுவது இங்கே, உள்ளே ஃபோம் நொறுங்குவதும் இங்கே. கட்டைவிரலால் அழுத்துங்கள், நல்ல ஃபோம் என்றால் விரலை எடுத்த உடனே எழும்பிவிடும், செத்த ஃபோம் அப்படியே குழியாக நிற்கும், ரொம்பப் பழையது என்றால் அடியிலிருந்து மஞ்சள் தூள் கொட்டும். வாங்குகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர் முதலில் தேடுகிற படம் இதுதான். இது இல்லாவிட்டால் "கிழிந்திருக்கிறது போல, அதான் காட்டவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார். கிழிந்தே இருந்தாலும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். கிழிசலைத் தைக்க என்ன செலவாகும் என்று அவருக்கே கணக்குப் போடத் தெரியும். தெரியாத கிழிசலுக்குத்தான் அவர் இரண்டு மடங்கு கழிப்பார்.

அப்புறம் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை எடுங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயிலில் இருக்கும் துரு, கம்பி வெல்டு, ஒட்டியிருக்கும் லேபிள், அச்சிட்ட எண், எல்லாம் தெரிய வேண்டும். பிரபல சீட் நிறுவனமான ரெக்காரோவின் பெயரைப் போட்ட போலி சீட்டுகள் ஏராளம் சுற்றுகின்றன, அடிப்பக்க லேபிள் இல்லாமல் முன்பக்கத் தையலை மட்டும் காட்டினால் தெரிந்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பந்தய பக்கெட் சீட்டாக இருந்தால், சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் ஸ்டிக்கரைப் படம் எடுக்க மறக்காதீர்கள். அதில் 8855-1999 என்ற தர எண் இருந்தால் தயாரித்த தேதியிலிருந்து 5 வருடம்தான் பந்தயத்துக்குச் செல்லும். கில்லார்னி, போர்ட் ஷெப்ஸ்டன் டெஸி மாதிரி பந்தயத் தடங்களில் ஓட்டுகிறவர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியை. காலாவதி ஆகியிருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

உயிர் என்றதும் ஏர்பேக் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் புதிய கார்களில் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கும், அடியில் மஞ்சள் கனெக்டர் தெரியும். கழற்றும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்கிற நேரம் காத்திருங்கள், கையேடு இல்லாவிட்டால் 10 நிமிடமாவது பொறுங்கள். கனெக்டரைக் கழற்றிய பிறகு சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள், டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து கோளாறு பதிவாகிவிடும். மல்ட்டிமீட்டரை அந்தக் கனெக்டர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை வெடித்த ஏர்பேக் சீட்டின் பக்கவாட்டுத் தையல் பிளந்திருக்கும். அதை மறுபடி தைத்து நல்ல சீட் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பாவம், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஏர்பேக் உள்ள சீட்டை அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. வெடிக்கும் பொறி உள்ளே இருப்பதால் சரக்குப் போக்குவரத்தில் அது யூஎன் 3268 என்ற எண்ணில் ஆபத்தான பொருளாகச் சேர்கிறது. ஏலம் போடுவதற்கு முன்பே கூரியரிடம் கேட்டுவிடுங்கள், சிலர் எடுக்க மாட்டார்கள்.

[திரையில்: அளவு நாடா, அட்டைப் பெட்டி, கால்குலேட்டர்]

கூரியர் கட்டணம்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. சீட்டின் எடை இருபது கிலோ சொச்சம்தானே என்று நினைப்போம், கூரியர்காரர் பெட்டியின் அளவைப் பார்ப்பார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 60, 60, 100 என்ற பெட்டி 72 கிலோவுக்கான காசைக் கேட்கும். முதுகுப் பகுதியை மடித்து, தலைசாய்ப்பைக் கழற்றித் தனியாக வைத்து, உயரத்தை 70க்குக் கொண்டுவந்தால் 50 கிலோ சொச்சம். கட்டுவதற்கு முன் அரைமணி நேரம் மெனக்கெட்டால் கட்டணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இந்தத் தொகையை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 570 கிலோமீட்டர் என்3 நெடுஞ்சாலையில் வந்து எடுத்துப்போக முடியாதவர்தான் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள். "டர்பனில் வந்து எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதினால் அவரை நீங்களே வாசலோடு திருப்பி அனுப்புகிறீர்கள்.

தலைப்பில் "சூப்பர் சீட், பார்க்க அழகு" என்பதற்கெல்லாம் இடம் கொடுக்காதீர்கள். மக்கள் தேடுவது கார் பெயரை. ஈ30 (அந்தத் தலைமுறை பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் குறியீடு), 325ஐஎஸ், இரண்டு கதவு, ஜோடி, ரெயிலோடு. இரண்டு கதவா நான்கு கதவா என்பது முக்கியம், இரண்டு கதவு காரின் சீட் பின்னால் ஆள் ஏறுவதற்காக முன்பக்கம் சாயும், நான்கு கதவு காரில் அந்த நெம்புகோல் இருக்காது. ஜோடியைப் பிரித்து விற்காதீர்கள், ஒற்றை சீட்டைத் தேடுகிறவர்கள் மிகக் குறைவு.

ஆரம்ப விலை பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. நிறையப் பேர் தேடும் சீட் என்றால் தைரியமாகக் குறைவாக ஆரம்பியுங்கள், கூட்டம் தானாக வரும். அரிதான கார், ஆனால் தேடுகிறவர் ஓரிருவர்தான் என்றால் அது ஆபத்து, இதற்குக் கீழே கொடுக்க மனசு வராது என்ற தொகையை ஆரம்ப விலையாகவே வைத்துவிடுங்கள். முடியும் நேரம் ஞாயிறு இரவு எட்டு மணி வாக்கில் இருக்கட்டும். அதுவும் 25ஆம் தேதிக்குப் பிறகு வருகிற ஞாயிறாக இருந்தால் நல்லது, சம்பளம் கைக்கு வந்திருக்கும்.

இரண்டாவது ஆள் வரவில்லையே என்று மச்சானை விட்டு ஏலம் கேட்கச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே அறிவிக்காமல் உரிமையாளர் தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்பதை 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. தளங்களும் கணக்கை முடக்கிவிடும். இன்னொன்று, சொந்தக் காரின் சீட்டை விற்பது வேறு, சீட்டுகளை வாங்கி வாங்கி விற்பது வேறு. தொழிலாகவே செய்தால் 2009ஆம் ஆண்டுப் பழைய பொருள் சட்டப்படி காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும்.

பணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் பக்கி (பிக்கப்) வண்டியோடு வாசலில் வந்து நின்று, "அண்ணே, ஈஎஃப்டி போட்டாச்சு, இதோ பாருங்க" என்று போனில் வங்கிப் பரிமாற்ற ரசீதைக் காட்டுவார். ரசீது பணம் ஆகாது, அதைப் போலியாகச் செய்ய இரண்டு நிமிடம் போதும். "தம்பி, என் கணக்கில் ஏறட்டும், அதுவரை உள்ளே வந்து டீ குடி" என்று சொல்லுங்கள். உங்கள் வங்கி ஆப்பை நீங்களே திறந்து, எடுக்கக்கூடிய இருப்பில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகு சீட்டைத் தூக்கினால் போதும். நல்ல மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக, கழற்றிய போல்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு சீட்டின் அடிக்கம்பியில் டேப்பால் ஒட்டிவிடுங்கள், ஒட்டியதையும் ஒரு படம் எடுத்து விளம்பரத்தில் சேருங்கள். உங்கள் சீட் எந்தக் காருடையது, எங்கே சிக்கல் என்று கீழே எழுதுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.