மார்பக ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம்: அளவைப் பற்றிய பேச்சே இல்லை

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குப் பின்னால் பாட்டு கிடையாது, மேக்கப்பும் போடவில்லை. ஃபேனையும் நிறுத்திவிட்டேன். போன வீடியோவில் என் குரலைவிட அதன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

ஏழு மாதத்துக்கு முன்னால் எனக்கு மார்பகத்தில் ஓர் ஆபரேஷன் நடந்தது. பயப்படாதீர்கள், புற்றுநோய் இல்லை. பிறவியிலேயே வந்த ஒரு வடிவக் கோளாறு. டியூபரஸ் பிரெஸ்ட் என்று சொல்வார்கள். டியூபர் என்றால் கிழங்கு. 1976இல் ரீஸ், ஆஸ்டன் என்ற இரண்டு சர்ஜன்கள் எழுதிய கட்டுரையில்தான் இது தனி நிலையாக விவரிக்கப்பட்டது. பெண்ணின் உடம்பைக் கிழங்கு என்று கூப்பிட எப்படித்தான் மனசு வந்ததோ! ஆனாலும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்ட அன்றைக்கு, அப்பாடா என்று இருந்தது. பெயர் இருக்கிறது என்றால் எனக்கு மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்.

பிறவிக் கோளாறு என்றாலும் சின்ன வயதில் ஒன்றும் தெரியாது. பருவ வயதில் மார்பு வளரத் தொடங்கும்போதுதான் தெரிய வரும். எனக்கு வலது பக்கம் ஓரளவு சரியாக வளர்ந்தது. இடது பக்கம் அகலமே இல்லாமல் குழாய் மாதிரி நீண்டது. காம்பைச் சுற்றியிருக்கும் கருவட்டம் பெரிதாகி, முன்னால் உப்பிக்கொண்டு நின்றது. கொஞ்சம் சதை போட்டால் சரியாகிவிடும் என்றார் அம்மா. சதை போட்டேன். எங்கெங்கோ போட்டது, அங்கே மட்டும் போடவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம். ஒரு பலூனைச் சின்ன வளையலுக்குள் நுழைத்து ஊதிப் பாருங்கள். பக்கவாட்டில் விரிய முடியாது, முன்னால்தான் பிதுங்கும். மார்பகத்தின் அடியில் நார்த்திசு அந்த வளையல் மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறது. கருவட்டத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் உறை பலவீனமாக இருப்பதால், உள்ளே இருக்கும் சதை அந்த வழியாக வெளியே தள்ளுகிறது. கீழ்ப்பாதி வளராததால் மார்பின் அடி மடிப்பும் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே நின்றுவிடுகிறது.

முதலில் பார்த்த டாக்டர் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. “சின்னதாக இருக்கிறது, இம்ப்ளான்ட் வைத்துப் பெரிதாக்கிவிடலாம்” என்றார். இம்ப்ளான்ட் என்றால் மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நல்லவேளை, தேதி குறிக்கவில்லை. வளையலை வெட்டாமல் பலூனுக்குள் காற்றை ஏற்றினால் என்ன ஆகும்? முன்பைவிட அதிகமாகப் பிதுங்கும், அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் பார்த்தவர் என்னை நிற்க வைத்து, டேப்பால் அளந்து, பேனாவால் கோடு போட்டு விளக்கினார். கீழே உள்பக்கக் கால்பகுதி மட்டும் குறைவாக இருந்தால் முதல் வகை. கீழே இரண்டு பக்கமும் குறைந்தால் இரண்டாவது. நான்கு பக்கமும் குறுகியிருந்தால் மூன்றாவது. எனக்கு வலது பக்கம் முதல் வகை, இடது பக்கம் இரண்டாவது. சரியாக இருக்கிறது என்று நான் நினைத்திருந்த வலது பக்கமும் சரியில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது! இது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காதாம்.

ஆபரேஷனில் கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டி உள்ளே போனார்கள். இறுக்கிப் பிடித்திருந்த நாரைப் பல இடங்களில் கீறி விட்டு, சதையைக் கீழ்ப்பக்கம் விரித்தார்கள். மடிப்பைக் கீழே இறக்கினார்கள். அப்புறம்தான் இம்ப்ளான்ட், அதுவும் பக்கத்துக்கு ஓர் அளவில். கடைசியாக இடது கருவட்டத்தைச் சுருக்கித் தைத்தார்கள். சிலருக்கு இம்ப்ளான்ட்டுக்குப் பதிலாக வயிற்றிலோ தொடையிலோ இருந்து எடுத்த கொழுப்பை ஏற்றுவார்கள். அதில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்ய வேண்டி வரலாம்.

வலியைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் கையைத் தூக்க முடியாது, முன்னால் பட்டன் வைத்த சட்டைதான் கதி. என்னைப் பயமுறுத்தியது கண்ணாடிதான். கட்டைப் பிரித்த அன்றைக்கு இரண்டும் கழுத்துக்குக் கீழே ஏறி உட்கார்ந்திருந்தன. அழுதுவிட்டேன். கீழ்ப்பக்கத் தோல் அதுவரை விரிந்தே பழகாதது, நெகிழ்ந்து கொடுக்கச் சில மாதம் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தால்தானே. நான்காவது மாதம்தான் இறங்கி, வடிவம் வந்தது.

இன்னும் இரண்டு விஷயம். பிற்காலத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க நினைப்பவர்கள் டாக்டரிடம் முதலிலேயே அதைக் கேளுங்கள். இந்தக் கோளாறில் பால் சுரக்கும் திசுவே குறைவாக இருக்கலாம், அதனால் ஆபரேஷன் செய்யாவிட்டாலும் சிலருக்குப் பால் போதாமல் போகும். கருவட்டத்தில் வெட்டுவது அதை இன்னும் பாதிக்கலாம். அடுத்தது, இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வராது. சிலிக்கோன் இம்ப்ளான்ட் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். அதனால் ஐந்தாறு ஆண்டில் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்க்கச் சொல்கிறது மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. நான் இப்போதே காலண்டரில் குறித்துவிட்டேன்.

எல்லாம் கச்சிதமாக வந்ததா என்றால், இல்லை. இடது காம்பில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. பழைய மடிப்பு இருந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. ஒரே மார்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு மேடு மாதிரித் தெரிவதை டபுள் பபிள் என்பார்கள், எனக்கு அதன் லேசான வடிவம். அடுத்த மாதம் செக்கப். கொஞ்சம் கொழுப்பு ஏற்றினால் கோடு மறையும் என்கிறார் டாக்டர். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் அது கண்ணில் படுகிறது, அதுவும் நான் தேடினால். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

சரி, ஃபேனைப் போட்டுக்கொள்கிறேன், வியர்த்துக் கொட்டுகிறது.