ஜெரோனிமோவை மடக்குனது படையா, குடுத்த வாக்கா?

நடுவர் அவர்களே, எதிரணித் தம்பி இப்பதான் வந்து, 5000 அமெரிக்க சிப்பாய்ங்க, மலைக்கு மலை கண்ணாடி வச்சு வெயில்ல சிக்னல் அடிச்சாங்க, அதுலதான் அமெரிக்கப் பழங்குடியான அப்பாச்சி இனத்து வீரர் ஜெரோனிமோ மடங்குனாருன்னு முழங்கிட்டுப் போனாரு. 5000 சரிதான். எதிர்ல எத்தனை பேருன்னு மட்டும் ஏன் தம்பி முழுங்கிட்டீங்க? பொம்பளைங்க புள்ளைங்க சேத்து நாப்பது பேரு கூட தேறாதுங்க!

1886 கோடை பூரா மெக்சிகோ மலைக்குள்ள அலைஞ்சாங்களே, ஜெரோனிமோ கையில சிக்குனாரா? அந்தக் கூட்டத்தை தூங்க விடாம துரத்துனாங்க, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா மலை ஏறிப் போயி பேசுனது யாரு? மார்ட்டின், கயிட்டான்னு ரெண்டு அப்பாச்சி ஆளுங்க, வெள்ளைக்கொடிய புடிச்சுக்கிட்டு. அவங்க பின்னாடி அமெரிக்கப் படையோட லெப்டினன்ட் கேட்வுட், அவரே உடம்பு சரியில்லாத மனுஷன். அவரு போய் சொன்னது ஒரே சேதிதான், உங்க சனத்தையெல்லாம் ஃப்ளோரிடாவுக்கு கொண்டு போறாங்கன்னு. ஜானோஸ் ஊர்ல மெக்சிகோ சிப்பாய்ங்க கையில அம்மா, பொண்டாட்டி, மூணு புள்ளைங்கன்னு மொத்தமா பறிகொடுத்த மனுஷனுக்கு இந்த சேதி எங்க போய் குத்தியிருக்கும்!

செப்டம்பர் 4, அரிசோனாவுல ஸ்கெலிட்டன் கேன்யன்ங்கற பள்ளத்தாக்கு. அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் மைல்ஸ் தரையில ஒரு இடத்தை கையால கூட்டித் தள்ளி, உன் பழசெல்லாம் இப்படி துடைச்சாச்சுன்னாராம். போர்வை மேல ஒரு பெரிய கல்லை வச்சாங்களாம், அது பொடியாகுற வரைக்கும் இந்த ஒப்பந்தம் நிக்கும்னு. இதை ஜெரோனிமோவே பின்னாடி சொல்லியிருக்காரு. துப்பாக்கிய நீட்டி வாங்குன சரணடைவா இது, சொல்லுங்க? குடும்பத்தோட சேத்து வைக்கிறோம்னு சொன்னாங்க, நம்பி வந்தாரு.

சேத்து வச்சாங்களா? ஆம்பளைங்களை பென்சகோலா பக்கம் ஒரு கோட்டையில போட்டாங்க, பொண்டாட்டி புள்ளைங்களை ஃப்ளோரிடாவோட அந்தக் கோடியில செயின்ட் அகஸ்டின்ல. அட, கூட்டிட்டு வந்த மார்ட்டினையும் கயிட்டாவையும் சேத்தே கைதியாக்குனாங்க நடுவரே, இதுக்கு என்ன பேரு வைப்பீங்க?

1905ல ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்துல குதிரை மேல அவரை காட்சிப்பொருளா கொண்டு போனாங்க. அந்த ரூஸ்வெல்ட் கிட்டயே, என் சொந்த மண்ணு அரிசோனாவுக்கு போக விடுங்கன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டாங்க. 1909ல ஓக்லஹோமா ஃபோர்ட் சில்ல செத்தப்பவும் போர்க்கைதிதான். மணி அடிச்சிட்டீங்க, உக்காந்துக்கறேன்.