வெளுத்த துணியில் பிறந்த சொல்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். ஒருமுறை பொதுத்தேர்வுக்கு முன்பு, நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்த மாணவி ஒருத்தி, அதில் தேர்வு எழுதுபவரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல் அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, “ஐயா, இதற்கும் மெழுகுவர்த்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’ என்ற சொல்லுக்கும் ஏதாவது உறவு உண்டா?” என்று கேட்டாள். எழுத்து ஒத்திருப்பதைக் கண்டு எழுந்த கேள்விதான். ஆனால் உறவு உண்மையிலேயே இருக்கிறது. அந்த உறவைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லத்தீன் மொழியில் வெண்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘ஆல்புஸ்’ என்பது ஒளியில்லாத சாதாரண வெண்மை. ரோமாபுரியில் பொது அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு ‘ஆல்பும்’ என்று பெயர். நம் வீடுகளில் இருக்கும் திருமண ஆல்பம் அந்தப் பலகையின் வழிவந்ததே. மற்றொரு சொல்லான ‘கான்டிடுஸ்’, நாம் தும்பைப்பூ வெள்ளை என்கிறோமே, அப்படிக் கண்ணைப் பறிக்கும் வெண்மையைச் சொல்வது. அதன் வேராகிய ‘கான்டேரே’ என்ற வினைக்கு ஒளிர்தல், வெண்ணிறமாகத் தகித்தல் என்று பொருள்.

ரோமானியக் குடிமகன் உடுத்திய ‘டோகா’ என்ற மேலாடை சாயம் ஏற்றாத கம்பளித் துணி; அதன் நிறம் ‘ஆல்புஸ்’. பதவிக்குப் போட்டியிடுபவர் மட்டும் அதன்மேல் வெண்சுண்ணத்தைத் தேய்த்து, கூட்டத்திலும் தனித்துத் தெரியும்படி அதைக் ‘கான்டிடுஸ்’ ஆக்கிக்கொள்வார். அப்படி வெளுத்த ஆடை உடுத்தியவர் ‘கான்டிடாட்டுஸ்’. ஆங்கிலத்தின் ‘கேண்டிடேட்’ இதுதான். இவ்வாறு ஆடையை வெளுப்பதையே தடைசெய்து கி.மு. 432-இல் ஒரு சட்டம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. கி.மு. 64-இல் ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவிக்குப் போட்டியிட்ட புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ, தம் எதிர்ப் போட்டியாளர்களைச் சாடி ஆட்சி மன்றத்தில் ஆற்றிய உரைக்கு ‘வெளுத்த டோகாவில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வெள்ளாடைக்காரர் என்ன செய்வார்? வீதிகளிலும் சந்தைவெளியிலும் சுற்றிவந்து, எதிர்ப்படுவோரின் கையைப் பற்றி ஆதரவு கேட்பார். வருபவரின் பெயரைக் காதில் ஓதுவதற்கென்றே ஓர் அடிமை பக்கத்தில் நடந்துவருவான். சுற்றிவருதலுக்கு லத்தீனில் ‘அம்பீரே’ என்று பெயர். அதிலிருந்து வாக்குக் கேட்டு அலைதலைக் குறிக்கும் ‘அம்பிட்டியோ’ வந்தது. அலைச்சலுக்குப் பின்னால் இருக்கும் ஆசையின் மேல் பொருள் மெல்ல நகர்ந்து, ஆங்கிலத்தில் ‘ஆம்பிஷன்’ ஆயிற்று. இதே வினையில் பிறந்த ‘அம்பிட்டுஸ்’ என்ற சொல்லோ வாக்குக்குக் கையூட்டு தரும் குற்றத்தின் பெயராயிற்று. சிசரோ கான்சலாக இருந்த கி.மு. 63-இல் அந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கவிஞர் பெர்சியஸ் ‘சுண்ணம் பூசிய அம்பிட்டியோ’ என்று ஒரு தொடரை ஆண்டிருக்கிறார். துணியையும் ஆசையையும் இரண்டே சொற்களில் அவர் முடிந்துவைத்திருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அதே வெண்மை மனத்துக்கும் ஏறியது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘கேண்டிட்’ என்றால் முதலில் வெண்மை. பிறகு மாசின்மை, பிறர்மேல் காழ்ப்பின்மை. இன்றோ ஒளிவுமறைவில்லாத பேச்சு. வெள்ளை மனம், வெள்ளந்தி என்று நாம் சொல்லும்போது தமிழும் அதே வழியில்தான் நடக்கிறது. ஆனால் வள்ளுவர் வெண்மை என்ற சொல்லை அறிவின்மை என்ற பொருளில் ஆண்டிருப்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரே நிறம் இரு வேறு திசைகளிலும் செல்ல வல்லது.

இனி மாணவி கேட்ட மெழுகுவர்த்திக்கு வருகிறேன். ஒளிர்தலைக் குறிக்கும் ‘கான்டேரே’யிலிருந்து பிறந்த ‘கான்டேலா’ என்ற லத்தீன் சொல் கிறித்தவத் திருச்சபையோடு மிகப் பழங்காலத்திலேயே ஆங்கிலத்துக்குள் நுழைந்து ‘கேண்டில்’ ஆகிவிட்டது. அதே சொல் பிரெஞ்சு வழியாக மீண்டும் வந்தபோது உருமாறியிருந்தது. கன்னடத்தில் ‘கிவி’ என்பது தமிழில் ‘செவி’ என்று இருப்பதைப்போல, லத்தீனின் முதலெழுத்தான ககரம் பிரெஞ்சில் சகரத்தை ஒட்டி ஒலிக்கலாயிற்று. அதனால்தான் கூடத்தில் தொங்கும் கொத்துவிளக்கு ‘சாண்ட்லியர்’ ஆயிற்று. மெழுகுவர்த்தி விற்றவர் ‘சாண்ட்லர்’. துறைமுகங்களில் கப்பலுக்கு வேண்டிய பொருள்களை வழங்குபவரை ‘ஷிப் சாண்ட்லர்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். இழை தகித்து ஒளிவிடும் பழைய குண்டு பல்பு ‘இன்கேண்டசென்ட்’ என்ற வகையைச் சேர்ந்தது. தீமூட்டுதலைக் குறிக்கும் ‘இன்சென்டேரே’ என்ற கிளைவினையிலிருந்து நறும்புகையைக் குறிக்கும் ‘இன்சென்ஸ்’ வந்தது. ஒருவரைக் கொதிக்கச் செய்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். சாம்பிராணியும் சினமும் ஒரே நெருப்பில் புகைகின்றன.

எழுத்து ஒத்திருப்பதெல்லாம் உறவு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘கேண்டி’ என்னும் மிட்டாய் இந்தக் குடும்பத்தில் சேராது. அது சர்க்கரைக் கட்டியைக் குறித்த ‘கண்ட’ என்ற வடசொல், பாரசீகம், அரபு, பிரெஞ்சு எனப் பல கைகள் மாறி ஆங்கிலத்தை அடைந்தது. நம் கற்கண்டின் பிற்பகுதியில் இருக்கும் ‘கண்டு’க்குத்தான் அது உறவு.

இன்னும் ஓர் உறவு இருக்கிறது. லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. லத்தீனின் ‘கான்டேரே’வும், ஒளிர்வது என்று பொருள்படும் சமஸ்கிருதத்தின் ‘சந்த்ர’ என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர் முடிவு. அன்று அந்த மாணவிக்கு வெள்ளாடையையும் விளக்கையும் சொன்ன எனக்கு இது அப்போது தெரிந்திருக்கவில்லை. அவள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போது சொல்கிறேன்: அம்மா, உன் நுழைவுச்சீட்டில் இருந்த அந்தச் சொல்லுக்கு வானத்துச் சந்திரனும் சொந்தம்தான்.

நன்றி, வணக்கம்.