கே.ஜி.எஃப்: தங்கம் போன பிறகு மிஞ்சிய ஊர்

[காட்சி: மாரிக்குப்பம் ரயில் நிலையம், இன்னும் விடியவில்லை]

இந்த நேரத்திலேயே பிளாட்பாரத்தில் எவ்வளவு கூட்டம் பாருங்கள். எல்லாரும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். சுமார் 100 கிலோமீட்டர் போய், ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். இவர்களில் பலருடைய தாத்தா வேலைக்குப் போன தூரம் அதிகமில்லை, மிஞ்சிப்போனால் மூன்று கிலோமீட்டர். ஆனால் நேராகக் கீழே.

இது கர்நாடகாவில் இருக்கும் கோலார் தங்க வயல், ஆங்கிலத்தில் சுருக்கமாக கே.ஜி.எஃப்.

[காட்சி: பழைய வரைபடம்]

1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி இந்தப் பக்கம் நில அளவைக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் படித்த லாவெல் என்ற அயர்லாந்து சிப்பாய், பல வருடம் கழித்து 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தேடி வந்தார். 1875-ல் மைசூர் அரசிடம் உரிமமும் வாங்கினார். ஆனால் இவ்வளவு பெரிய வேலைக்குக் கையில் பணம் வேண்டுமே? 1880-ல் லண்டன் கம்பெனியான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இறங்கிய பிறகுதான் சுரங்கம் சூடு பிடித்தது.

சரி, தோண்டியது யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதிலும் நிறையப் பேர் தலித் மக்கள், பண்ணையாரிடம் அடிமைப்பட்டுக் கிடப்பதைவிட பாதாளமே மேல் என்று கிளம்பி வந்தவர்கள். துரைமார்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் கட்டி 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள், இவர்களுக்கோ 'லைன்' என்ற வரிசை வரிசையான மூங்கில் தட்டிக் குடிசை. ஊர்ப் பெயர்களிலும் அந்தக் கலப்பு இருக்கிறது: ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. துரையின் பெயருக்கு நம் பேட்டை!

1902-லேயே காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்துவிட்டது. பெங்களூருக்கு 1905-ல்தான். அவ்வளவு அவசரம், ஏனென்றால் ஆழம் கூடிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. அங்கே பாறையே அனலாகக் கொதிக்கும், அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அப்படி வெடித்ததில் திரும்பாதவர்கள் பல பேர், திரும்பியவர்களிலும் பலருக்குக் கல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். அதே சுரங்கத்துக்குள் விஞ்ஞானிகளும் கருவி வைத்துக் காத்திருந்தார்கள். வளிமண்டலத்தில் பிறந்து, பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோ என்ற நுண்துகளை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இடங்களில் இதுவும் ஒன்று, 1965-ல்.

அதற்கு முன்பே சுரங்கம் அரசு கைக்கு வந்திருந்தது. போகப் போகப் பாறையில் தங்கம் குறைய, தோண்டும் செலவு எகிறியது. 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். பம்பு நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

[காட்சி: சாம்பல் நிறக் குன்றுகள்]

தூரத்தில் மலை மாதிரி தெரிவது மலையல்ல. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய அரைத்த பாறை, இங்கே 'சயனைடு மலை' என்பார்கள். காற்று காலத்தில் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானைமேல் படியும்.