ஆளைச் சாய்ப்பது பாரபட்சமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஊழியரைச் சோரவைப்பது வேலைப்பளுவா, பாரபட்சமா? பாரபட்சமே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எதிரணி நண்பர் போட்ட போட்டுக்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. "பக்கத்து இலையை எட்டிப் பார்க்கிறவனுக்குத் தன் சோறு செரிக்காது" என்றார். பாரபட்சம் என்று பேசுகிறவர்கள் எல்லாம் பொறாமைக்காரர்களாம். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, இலையைப் பார்த்தவனைத் திட்டுகிறீர்களே, பரிமாறினவர் கையைப் பார்த்தீர்களா? வேண்டியவர் இலையில் இரண்டு வடை. இவன் இலை வந்ததும் வாளி தாண்டி ஓடுகிறது! பந்தி வஞ்சனை கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. கேட்டவனுக்குப் பொறாமைக்காரன் என்று பட்டம் கட்டினால், அப்புறம் எவன் வாய் திறப்பான்? மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குவான். வேலையிலும் ஒட்டாமல் போய்விடுவான்.

அமெரிக்காவில் ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டு. கவனியுங்கள், இரண்டிலும் அதே வெட்டுதான். ஓர் ஆலையில் நிர்வாகம் ஒன்றரை மணி நேரம் பேசியது. கணக்கைக் காட்டியது, வருத்தம் தெரிவித்தது, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. இன்னோர் ஆலையில் கால் மணி நேரம். சம்பளம் குறைகிறது, அவ்வளவுதான், போங்கள்.

என்ன ஆயிற்று? ஆலைப் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. இரண்டிலும்தான். ஆனால் கால் மணி நேரத்தில் முடித்த ஆலையில் திருட்டு மிக அதிகம், வேலையை விட்டுப் போனவர்களும் அதிகம். சம்பளம் பழையபடி ஆனதும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அவர்கள் திருடர்களா நடுவர் அவர்களே? மனுஷனாக மதித்துப் பேசாததற்கு அப்படிக் கணக்குத் தீர்த்தார்கள்!

உடம்பையும் சொல்லிவிடுகிறேன். லண்டன் அரசு ஊழியர்களிடம் நடந்த வைட்ஹால் ஆய்வின் முடிவு ஒன்று 2005ல் வந்தது. மேலதிகாரி நியாயமாக நடத்துகிறார் என்று சொன்ன ஆண்களுக்கு இதய நோய் வருவது குறைவாக இருந்தது. வேலைப்பளுவின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். இதற்கு எதிரணி என்ன சொல்லும்?

சரி, ஆய்வை விடுங்கள். எங்கள் தெருவில் ஓர் அண்ணன். ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே லைனில் அதே வேலை, சம்பளம் பாதிகூட இல்லை. தீபாவளிக்கு முந்தின நாள், ஷிப்ட் முடிந்து வரிசையில் நின்றார். "உனக்கு இல்லப்பா, தள்ளு" என்றார்கள். பக்கத்தில் வேலை பார்த்தவர் கையில் ஸ்வீட் பாக்ஸ். இவர் வழியில் கடையில் அரைக் கிலோ வாங்கி, விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, "கம்பெனியில கொடுத்தாங்கடா" என்று பையனிடம் நீட்டினார். பையன் தெரு முழுக்க ஓடினான், "எங்கப்பாவுக்குக் கம்பெனியில கொடுத்தாங்க!" என்று.

எதிரணி நண்பரே, அவரா பொறாமைக்காரர்? பண்டிகை முடிந்த மறுநாளே இரட்டை ஷிப்ட் பார்த்தவர் அவர். வேலை அவரைச் சாய்க்கவில்லை. "தள்ளு" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அவருக்காகக் கேட்கிறேன் நடுவர் அவர்களே, எங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.